மூன்று அங்குலம்

அக்கா வீட்டு வாசலில் நின்ற பெரிய காருக்கு அடியில் மெக்கானிக் மல்லாந்து கிடந்தான். பாடியை அடிச்சட்டமான சேசிஸோடு பிணைத்திருந்த போல்ட்டுகளைக் கழற்றியாகிவிட்டது. அக்கா புருஷன் ஜாக்கியை அழுத்த அழுத்த, இரண்டுக்கும் நடுவே இடைவெளி விரிந்தது. அவன் அதில் கையை விட்டு மூன்று அங்குலக் கட்டைகளைச் செருகிக்கொண்டு வந்தான்.

"அப்பா செத்து பத்து நாள்கூட ஆகல, அதுக்குள்ள வண்டிக்கு ஹைஹீல்ஸ் கேக்குதா?" அக்கா டீயை வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"மழைக்காலம் வருதுடி" என்றார் மாமா.

"ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு வந்திருந்தா அரைநாள் வேலை, மாமா."

"வீட்லயே முடி மாப்ள. நாலு பேர் கண்ணு எதுக்கு?"

கடைசிக் கட்டைதான் பாக்கி. மாமா முன்பக்கம் போய் டேப்பை வைத்து அளந்தார்.

"என்ன மாப்ள, பம்பர் அப்படியே இருக்கு?"

"பாடியைத் தூக்கினா பாடிதான் ஏறும். பம்பர் சேசிஸ்ல பிடிச்சிருக்கு, ஒரு நூல்கூட நகராது."

"அடப்பாவி, அதுதானே ஏறணும்! இருபத்திரெண்டு இஞ்சுலயே நிக்குதே!"

மெக்கானிக்கின் கை இடைவெளியிலேயே உறைந்தது. அப்பாவை இடித்துவிட்டு நிற்காமல் போன வண்டிக்குப் பம்பர் உயரம் இருபத்திரெண்டு இஞ்சு என்று, காயத்தை அளந்து பார்த்துப் போலீஸ்காரர் சொல்லியிருந்தார். சொன்னபோது ஸ்டேஷனில் இருந்தது அவனும் மாமாவும்தான்.

வெளியே மாமா டேப்பைச் சுருட்டினார். நிதானமாக நடந்து வந்து, ஜாக்கியை இறக்கும் திருகில் விரலை வைத்தார்.

"கை இன்னும் உள்ளதான் இருக்கா, மாப்ள?"