மிச்சப் படம் நாளைக்கு

"செத்தவனைக் குதிரை மேல உக்காத்தி வெச்சு, ஷெரீப் தேர்தல்ல நிக்க வெப்பாங்கடா. ஜெயிச்சும் தொலைப்பான்! ஆளு செத்து மூணு நாளாச்சுன்னு ஊர்ல ஒருத்தனுக்கும் தெரியாது!"

சொல்லிவிட்டு வெர்ல் தானே விழுந்து விழுந்து சிரித்தான்.

என் காபிக் கடையில் அப்போது ஆறு பேர் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெர்லுக்கு எதிரில் உட்கார்ந்திருந்தது அவனுடைய பழைய சிநேகிதன், என் அண்ணன் வெண்டல். அண்ணி டோரிஸைப் புதைத்து இன்னும் ஒரு மாதம்கூட ஆகவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அறுபது வயசாச்சு, புத்தி இருக்கா உனக்கு? யார்கிட்ட எந்தக் கதையைச் சொல்றதுன்னு ஒரு இங்கிதம் வேண்டாம்?"

"சினிமாதானே நார்மா! பழைய கௌபாய் படம். இப்போ ஆன்லைன்ல போட்டிருக்கான். டேய் வெண்டல், உன் டிவில வருமில்ல? எங்க வீட்டுல நெட் சரியா வர மாட்டேங்குது. சாயந்திரம் அஞ்சு மணிக்கு வந்துடறேன்."

அண்ணன் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். கேட்கவில்லை.

"சரி, வா" என்றான்.

வந்தான். அதுவும் சரியாகச் சாப்பாட்டு நேரத்துக்கு! அண்ணனுக்கு நான் கொடுத்தனுப்பிய கறிக் குழம்பில் பாதி இவன் வயிற்றுக்குள் போனது. அரை மணி நேரம் படம் ஓடியதும் ரிமோட்டைப் பிடுங்கி நிறுத்திவிடுவானாம்.

"மிச்சப் படம் நாளைக்கு."

மறுநாளும் அதே கதை. நாலு நாளில் முடிய வேண்டிய படம். "நடுவுல தூங்கிட்டேன்டா, முதல்லேருந்து போடு" என்று அஞ்சாம் நாள் மறுபடி ஆரம்பித்திருக்கிறான்.

சாப்பாடு போனால் போகட்டும். அடுத்த வாரம் என் கடை வாசலில் நின்ற அவன் வண்டிக்குள் பார்த்தேன், திக்கென்றது. பின் கண்ணாடியை ஒட்டி மாட்டியிருந்தது அண்ணனுடைய துப்பாக்கி. கட்டையில் எங்கப்பா செதுக்கிய மான் இருக்கும், எனக்கா தெரியாது?

"இது எப்படி உன்கிட்ட?"

"கன்னுக்குட்டிங்களை நரி சுத்துது. இரவல் கேட்டேன்."

வயோமிங்கில் எங்கள் பக்கம் பல் தேய்க்கிற பிரஷைக்கூட இரவல் கேட்கலாம், துப்பாக்கியைக் கேட்க மாட்டார்கள். கேட்டாலும் கொடுக்க மாட்டார்கள்.

"உன் வீட்டுலதான் நாலு துப்பாக்கி இருக்கே!"

"அது ஒண்ணும் சரியா சுடலை" என்று சொல்லிக்கொண்டே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டான்.

ரெண்டு நாள் கழித்து இன்னொன்று போனது. அப்புறம் அண்ணியின் அலமாரியில் இருந்த கைத்துப்பாக்கியும் போனது. எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம் என்று இதைத்தானே சொல்வார்கள்?

அண்ணனிடம் கேட்டால், "கேட்டான், குடுத்தேன். விடு நார்மா" என்கிறான். அவன் குணமே அப்படித்தான். போன வாரம்தான் தன் சேணத்தை என் மகன் ட்ரேவிஸிடம் தூக்கிக் கொடுத்தான். உயிராக வளர்த்த நாயைக்கூடப் பள்ளிக்கூட டீச்சருக்குக் கொடுத்துவிட்டான். தங்கமான மனசு என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லிப் பூரித்தேன். அந்த மனசைத்தான் இவன் மொட்டையடிக்கிறான்.

மறுநாள் மத்தியானம் கடையைப் பூட்டிவிட்டு நேராக வெர்ல் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தது அவன் மனைவி ஐரீன்.

கூடத்தில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஆன்லைனில் யாரோ கேக் செய்கிறார்கள். படம் பளிச்சென்று தெரிந்தது.

"உங்க வீட்டுல நெட் வரலைன்னானே உன் புருஷன்?"

ஐரீன் டிவியை நிறுத்தினாள்.

"அண்ணனோட துப்பாக்கி மூணும் இப்பவே வெளியில வரணும். இல்லேன்னா ஷெரீப்புக்குப் போன் போடுவேன்."

அவள் உள்ளே போய் அலமாரிப் பூட்டைத் திறந்தாள். மூன்றும் துடைத்து, எண்ணெய் போட்டு, வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் அண்ணன் பெயர் எழுதிய சீட்டு கட்டியிருந்தது.

"திருட்டுப் பொருளுக்குப் பேரு வேற எழுதி வெச்சிருக்கானா?"

"நார்மா, உக்காரு" என்றாள் ஐரீன். "உங்கண்ணன் சேணத்தைக் குடுத்தாரு. நாயைக் குடுத்தாரு. ஒரு மனுஷன் இனிமே எதுவும் வேண்டாங்கிற மாதிரி தன்கிட்ட இருக்கிறதை எல்லாம் ஏன் ஒண்ணொண்ணா குடுத்துட்டு வர்றாருன்னு நீ யோசிச்சியா?"

பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அய்யோ, கூடப் பிறந்தவளுக்குத் தோன்றவில்லையே! நாயைத் தடவிக் கொடுத்து அவன் அனுப்பி வைத்தபோது நான் சிரித்துக்கொண்டு பக்கத்தில்தானே நின்றேன்!

"வெர்ல் எதுக்காக எடுத்துட்டுப் போறான்னு அண்ணனுக்குத் தெரியுமா?"

"தெரியாம என்ன?"

ஐரீன் சுவரில் மாட்டியிருந்த போட்டோவைப் பார்த்தாள். பத்தொன்பது வயதில் சாலை விபத்தில் போன அவர்கள் மகன் டேல்.

"பதினோரு வருஷம் முன்னாடி இவன் போனப்போ, இதே படத்தை டிவிடில கொண்டாந்து, தினம் அரை மணி நேரம் போட்டுட்டு, 'மிச்சப் படம் நாளைக்கு'ன்னு சொல்லிட்டுப் போனதே உங்கண்ணன்தான். போறப்போ ஒவ்வொரு துப்பாக்கியா இரவல் கேப்பாரு."

அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்புப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எதுக்குன்னு கேக்காமதான் வெர்லும் அன்னைக்கு எடுத்துக் குடுத்தாரு."