பதினேழாம் நம்பர்

பெரில் மூன்றாம் முறையாகக் கத்தினாள். "பதினேழு! பதினேழு இருக்கா, இல்லையா?"

இல்லை.

எங்கே போயிருக்கிறாள் என்பது வரிசையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். மணி ஒன்று. ரோவெனா கார்லிங் மதியம் ஒரு மணிக்கு என்ன செய்வாள் என்று லண்டனில் கைக்குழந்தைக்குக்கூடத் தெரியும். டி.வி.யில் செய்தி வாசிப்பாள்.

அன்று மாலை காப்பர் ஹெரன் குழுவின் கடைசிக் கச்சேரி. இதற்கு முன்பும் இரண்டு முறை கடைசி என்று சொல்லித்தான் வாசித்தார்கள். ஐம்பது வருடமாக ராக் இசையைப் போட்டு உடைக்கும் நாலு கிழவர்கள். அவர்களுக்காக இருநூற்று நாற்பது பேர் காலை ஆறு மணியிலிருந்து தூறலில் நின்றுகொண்டிருந்தோம். புத்தி உள்ளவர்கள் செய்கிற வேலை இல்லைதான்.

வரிசைக்கு பெரில் வைத்ததுதான் சட்டம். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவள். வந்த வரிசைப்படி புறங்கையில் மார்க்கரால் நம்பர் போடுவாள். காலை ஒன்பது, மதியம் ஒன்று, மாலை நான்கு என்று மூன்று தடவை ஆஜர் எடுப்பாள். கையைக் காட்டாதவர் பேரை அடித்துவிடுவாள். அப்புறம் வரிசையின் வாலுக்குப் போகவேண்டியதுதான். கழிப்பறைக்குப் போய் வருவதற்குள் சொந்தப் புருஷன் பேரையே அடித்த மகராசி.

மேடைக்கு முன்னால் ஓர் இரும்புக் கம்பி. அதன் நடுப்பகுதியைப் பிடித்துக்கொண்டு பதினேழு பேர் நிற்கலாம். பதினெட்டாவது ஆள் யாருடைய முதுகையாவது பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும்.

பதினெட்டு, நான்.

ரோவெனாவோ ஆறடி உயரம்.

இந்தக் குழுவுக்குப் பிரபலமான ரசிகர்கள் நிறைய. நடிகர், கால்பந்து வீரர், மந்திரி என்று யார் வந்தாலும் மாடியில் கண்ணாடி அறையில் உட்காரவைத்து கையில் ஒயினைக் கொடுத்துவிடுவார்கள். ரோவெனாவுக்கும் அழைப்பு வந்திருந்தது. வேண்டாம் என்றுவிட்டாள்.

"அந்த ரூம் எப்படின்னு உங்களுக்குத் தெரியாததா?" என்று காலையில் என்னிடம் சொன்னாள். "பக்கத்து வீட்டு ரேடியோவைக் கேக்கற மாதிரி இருக்கும். பன்னிரண்டு வயசுலேர்ந்து எனக்கு ஒரே ஆசை. ஒரே ஒரு தடவை அந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும்."

ஆசை எனக்கு மட்டும் இல்லையா என்ன?

பெரில் பேனாவைத் திறந்தாள். மற்றவர்கள் மாலையில் படம் பிடிப்பதற்காகப் போன் சார்ஜை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். செய்தி பார்த்துக்கொண்டிருந்தது நான் ஒருவன்தான். அடி பெரில், சீக்கிரம் அடி என்று என் மனசு பரபரத்தது. அதை மறைப்பானேன்.

திரையில் ரோவெனா ரயில் வேலைநிறுத்தத்தைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தாள். நடுவில் நெற்றி முடியை மெதுவாக ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினாள். புறங்கை நேராகக் கேமராவைப் பார்த்தது.

கன்னங்கரேலென்று, 17.

நான் போனைக் கோட்டுப் பைக்குள் போட்டேன்.

போட்ட கை பையிலேயே நின்றது. சனியன் என்று திட்டிக்கொண்டே வெளியில் எடுத்தேன். வேலைநிறுத்தம் இன்னும் முடியவில்லை. கை இன்னும் காதிலேயே இருந்தது.

"பெரில், கொஞ்சம் இங்க பாருங்க."

பெரில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தாள். "ஏன் தம்பி, இந்தப் பொண்ணுக்குக் காது வலியா?" என்றவள், நம்பரைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். ஆனாலும் பேனாவை மூடவில்லை. "கை இங்க வரணுமே!"

"கையைக் காட்டணும்னுதானே சொன்னீங்க? எங்க நின்னு காட்டணும்னு சொல்லவே இல்லையே!"

எனக்கு முன்னால் நின்ற பதினாறு பேரும் கழுத்தை நீட்டினார்கள். பெரில் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். நான் போனை அவள் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டே நின்றேன். ரோவெனா அந்த இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஏன் அவ்வளவு வெறி வந்தது!

"பதினேழு, ஆஜர்!"

வரிசை போட்ட சத்தத்தில் எதிர்க்கடை மாடியிலிருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன.

அடங்குவதற்குள் திரையில் வானிலைக்காரர் வந்தார். மழை எங்கே பெய்யும் என்று ஸ்காட்லாந்து மேல் கையை நிதானமாகத் தேய்த்தார். புறங்கையில் 118.

"அடப்பாவி! பிளம்பர்னுல்ல சொன்னான்!" என்று பெரில் இடுப்பில் கை வைத்தாள். ஆனால் அவருக்கும் டிக் போட்டாள்.

அப்புறம் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"நீ காட்டாம இருந்திருந்தா அந்த இடம் உனக்குத்தானே தம்பி? பைத்தியமா நீ?"

நான் தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்தேன். தாடியும் தொப்பியும் இல்லாமல் இருந்தால் அவளுக்கு என்னை அடையாளம் தெரிந்திருக்கும்.

நாலு வருடத்துக்கு முன்னால், இதற்கு முந்தைய கடைசிக் கச்சேரி அன்று, என் புறங்கையில் 9 என்று எழுதிவிட்டதும் இதே பெரில்தான். மணி ஒன்றுக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்து செய்தி வாசித்தது நான். அப்போது அது என் நாற்காலி. கேமரா ஓடுவதற்கு முன் மேக்கப் பெண் பவுடரோடு வந்து, "சார், கையில என்னவோ இருக்கு, மறைச்சிடட்டுமா?" என்று கேட்டாள்.

மறைச்சிடும்மா என்றேன்.