முகம் வேண்டாம்

"முகத்த எடுக்காத, கர்ட். கை, முதுகு, நிழல். அது போதும்."

கோர்ட் படிகளில் ஏறிக்கொண்டே ரோண்டா சொன்னாள். மொன்டானா மலைப்பக்கத்துச் சின்ன ஊர் அது. அக்டோபர் மாதம் என்பதால் படியெல்லாம் மஞ்சள் இலை.

சரி என்று கர்ட் தலையாட்டினான். இந்தக் கோர்ட்டில் நடக்கும் கல்யாணங்களைப் படம் எடுப்பதுதான் அவன் பிழைப்பு. வீட்டுக்குத் தெரியாமல் ஓடி வருகிறவர்கள், இரண்டாம் கல்யாணக்காரர்கள், கூட்டம் கூட்டினால் பிடிக்காதவர்கள் என்று எல்லாரையும் எடுத்திருக்கிறான். முகம் வேண்டாம் என்பவர்களும் உண்டு. ஏன் என்று அவன் கேட்பதில்லை.

ஆனால் ரோண்டா விஷயம் வேறு. அவளை அவனுக்குப் பிடிக்கும். இரண்டு வருடமாகப் பிடிக்கும். நாற்பத்து மூன்று வயதில் இதைப் போய் எப்படிச் சொல்வது என்று தள்ளிப்போட்டே வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை அவள் பில்லிங்ஸுக்குக் குடிபோகிறாள். ஏழு மணி நேரப் பயணம். இன்றைக்கு வாயைத் திறக்காவிட்டால் பிறகு ஜென்மத்துக்கும் முடியாது.

"வந்துட்டேன், வந்துட்டேன்" என்று மூச்சு வாங்க ஓடி வந்தான் டுவேன். வேட்டைக்காரர்கள் போடும் ஆரஞ்சுச் சட்டை, முழங்கால்வரை சேறு.

"இது என்ன கோலம் டுவேன்? கல்யாணத்துக்கு வர்ற லட்சணமா இது?" என்றாள் ரோண்டா.

"சீசன் ஆரம்பிச்சாச்சு. மான் எனக்காகக் காத்துக்கிட்டு நிக்குமா? கையெழுத்து போட்டதும் நேரா மலைக்குத்தான்."

"இன்னிக்கேவா?"

"பின்ன, நல்ல நாள் பாத்தா போவாங்க?"

ரோண்டா சிரித்தாள். டுவேன் கர்ட்டைப் பார்த்தான்.

"உனக்கு என்னய்யா ஆச்சு? எழவு வீட்டுக்கு வந்தவன் மாதிரி மூஞ்சிய வச்சிருக்கே."

"வெளிச்சம் சரியில்ல" என்றான் கர்ட். வெளிச்சம் நன்றாகத்தான் இருந்தது.

உள்ளே நீதிபதியம்மாள் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை இந்தப் பக்கம், பொண்ணு அந்தப் பக்கம். டுவேன், தொப்பிய எடு. கோர்ட்டா, காடா இது?"

தொப்பி இறங்கியது. அவர் தாளில் இருந்ததைப் படித்துவிட்டு டுவேனைக் கேட்டார். கேட்டு முடிப்பதற்குள் அவன், "சம்மதம்" என்றான். அடுத்து ரோண்டாவைக் கேட்டார். அவள் ஜன்னலுக்கு வெளியே ஒரு கணம் பார்த்தாள். பிறகு மெதுவாக, ஒவ்வொரு எழுத்தும் கேட்கும்படி, "சம்மதம்" என்றாள்.

அந்தச் சொல்லை அவள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்று கர்ட் எத்தனை ஆசைப்பட்டிருக்கிறான். அவள் முதுகைப் பார்த்திருந்த கேமராவோடு இரண்டடி நகர்ந்து, அவள் முகத்தை ஒரே ஒரு படம் எடுத்தான்.

ரோண்டா திரும்பினாள். "முகம் வேணாம்னு சொன்னேனே."

"கை தவறி அமுக்கிட்டேன்."

இருபது வருடத்தில் அவன் கை தவறியதே இல்லை.

மோதிரம் எதுவும் மாற்றிக்கொள்ளவில்லை. இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். கர்ட் விரல்களையும் பேனாவையும் மட்டும் எடுத்தான்.

"வெள்ளிக்கிழமை பில்லிங்ஸா?" என்று கேட்டார் நீதிபதியம்மாள். "வீடெல்லாம் பாத்தாச்சா?"

"பாத்தாச்சு ஜட்ஜம்மா. பெட்டிகூடக் கட்டியாச்சு."

"நல்லா இரும்மா."

வெளியே வந்ததும் டுவேன் அவளிடம் கை குலுக்கினான். "வரட்டுமா?" என்றான். அடுத்த நிமிடம் அவன் வண்டி மலைப் பக்கம் திரும்பிவிட்டது.

ரோண்டா படியில் இலைகளைத் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். கையில் கோர்ட் கொடுத்த உறை.

"அந்தப் படத்த அழிச்சிடு, கர்ட்."

"மாட்டேன்."

"யாருக்கு அனுப்பப் போறே அத?"

"யாருக்கும் இல்ல. அது எனக்கு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவன் கேமராவின் வாரை முறுக்கிக்கொண்டு நின்றான்.

"ஏதோ சொல்ல வர்றே. வாயில என்ன கொழுக்கட்டையா? சொல்லித் தொலை."

"பில்லிங்ஸுக்குப் போகாத, ரோண்டா. என்னக் கல்யாணம் பண்ணிக்கோ."

காற்று வீசி, படியில் இன்னும் நான்கு இலைகள் விழுந்தன. கர்ட்டுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

"உள்ள போட்ட கையெழுத்து இன்னும் காயக்கூட இல்ல" என்றாள் அவள்.

"தெரியும். தெரிஞ்சுதான் கேக்கறேன்."

ரோண்டா உறையைப் பிரித்துத் தாளைச் சரிபார்த்தாள். மணமகள், ஜப்பான் பக்கம் ஒரு போர்க்கப்பலில். மணமகன், குவைத்தில் ஒரு ராணுவ முகாமில். வர முடியாத அந்த இருவருக்கும் பதிலாக, இந்த மாநிலச் சட்டப்படி நின்று சம்மதம் சொன்னவர்கள், ரோண்டாவும் டுவேனும்.

"எங்கெங்கேயோ இருக்கிற நூத்திப் பதினோரு பட்டாளத்துப் பொண்ணுங்களுக்குப் பதிலா நின்னு சொல்லியாச்சு" என்றாள், தாளை மடித்து வைத்துக்கொண்டே. "என்னையே ஒருத்தன் கேக்கறது இதான் முதல் தடவ, கர்ட். சம்மதம்."