மூணு தரம்

விரித்த தோகையைத் தானே ஒருதடவை பார்த்துவிட வேண்டும் என்று மயிலுக்குக் கொள்ளை ஆசை. அந்த நேரம் பார்த்துக் குரங்கு ஒரு கண்ணாடியை ஏலம் விட்டது.

"காசு வேண்டாம், இறகுதான் விலை. எத்தனை இறகுக்குக் கேட்கிறீங்களோ, அத்தனையையும் உடனே பிடுங்கி வைக்கணும். தோத்தாலும் திரும்பக் கிடைக்காது!"

மயில் ஒன்று வைத்தது. போட்டிக்கு வந்த சேவல் இரண்டு வைத்தது. மயிலுக்குப் பகீரென்றது. இப்போது விட்டால் வைத்ததும் போச்சே! இன்னும் பிடுங்கியது. சேவலும் அப்படியே நினைத்துப் பிடுங்கியது. குவியல் குரங்கின் இடுப்புவரை ஏறியது. கடைசியில் சேவலிடம் பிடுங்க ஒன்றுமில்லை.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! கண்ணாடி மயிலுக்கே!"

மயில் ஓடிப்போய்ப் பார்த்தது. தூக்கிவாரிப்போட்டது.

"குரங்கண்ணே! நான் ஜெயிச்ச கண்ணாடிக்குள்ள உரிச்ச கோழியை எவன் கொண்டாந்து வச்சான்?"