டிக்கியில் என்ன வைப்பது?

"மிக்ஸியை எடுங்க. அந்த டின்னர் செட்டையும் எடுங்க. அட்டைகூடப் பிரிக்கல, வச்ச உடனே போயிடும்" என்றாள் வரலட்சுமி.

அவள் கணவர் உலகநாதன் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. லாஃப்டிலிருந்து இறக்கிய சாக்குப் பைக்குள் கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தார்.

மாங்காட்டில் அவர்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் மாதத்தின் கடைசி ஞாயிறு 'டிக்கி சந்தை'. வேண்டாத பொருள்களைக் காரில் ஏற்றி, பார்க்கிங்கில் வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்து வைத்து விற்க வேண்டியது. அவ்வளவுதான் விஷயம்.

முப்பது வருஷம் ஃபேக்டரி வேலை முடிந்து, ஆவடி குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு, இந்த எட்டாவது மாடிக்கு வந்து ஐந்து மாதம் ஆகிறது. இங்கே பகலெல்லாம் கதவுகள் சாத்தியே இருக்கும். வரலட்சுமி பால்கனியில் உட்கார்ந்து மேகம் நகர்வதைப் பார்ப்பாள். யாரோ கூப்பிட்ட மாதிரி இருக்கும். எழுந்து போய்க் கதவைத் திறந்தால் வெளியே ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அவளுக்கு இங்கே இன்னும் பெயர்கூடக் கிடையாது. எய்ட்-சி ஆன்ட்டி. லிஃப்டில் சிரித்தால் பதிலுக்குச் சிரிப்பார்கள். அதற்குள் அவர்கள் இறங்கும் மாடி வந்துவிடும்.

"முதல் தடவையா நாலு பேர் முன்னாடி நிக்கப் போறோம். நல்ல பொருளா வச்சாத்தானே நம்மள மதிப்பாங்க?"

"ம்."

அவர் எடுத்து வைத்ததைப் பார்த்து அவளுக்குத் தலை சுற்றியது. விசில் வைத்த பழைய பால் குக்கர். பம்ப் ஸ்டவ்வில் அடைப்பெடுக்கும் பின் ஒரு கட்டு. நீளக் கம்பியின் நுனியில் பூ வடிவம் வைத்த ஓர் அச்சு முறுக்கு அச்சு.

"பேரீச்சம்பழக்காரன்கூட இதையெல்லாம் எடுக்க மாட்டான்."

"இருக்கட்டும்."

ரிட்டயர் ஆனதிலிருந்து இந்த மனுஷன் கனவிலேயே நடமாடுகிறார் என்று புலம்பிக்கொண்டே கீழே இறங்கினாள். இருந்த கொஞ்சநஞ்ச மரியாதையும் போகப் போகிறதே என்று கவலையாக இருந்தது.

மழை பெய்து ஓய்ந்த காலை. திறந்த டிக்கிகளின் மேல் வெயில் மெல்ல இறங்க, பார்க்கிங்கே தூக்கக் கலக்கத்தில் மிதப்பதுபோல் இருந்தது. பக்கத்துக் காரில் டிரெட்மில், எதிர்க் காரில் குழந்தை வண்டி. எல்லாம் பளபளவென்று இருந்தன.

முதலில் வந்தவர் செக்யூரிட்டி தேவா. பால் குக்கரைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது? குண்டு மாரி கீது?"

உலகநாதன் உதட்டைப் பிதுக்கினார். "எனக்கென்னப்பா தெரியும்? அம்மாவைக் கேளு."

வரலட்சுமிக்குச் சுருக்கென்றது. வேறு வழியில்லாமல் சொன்னாள்.

"பால் குக்கர்ப்பா. இந்த ஓட்டையில தண்ணி ஊத்தணும். பால் பொங்காது, காஞ்சதும் விசில் அடிக்கும். எங்க குவார்ட்டர்ஸ்ல அஞ்சு மணிக்கு வீட்டுக்கு வீடு இந்த விசில்தான். தனியா அலாரம் வேணாம்."

தேவா சிரித்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் அச்சை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது என்ன அங்கிள், பூ மாதிரி?"

"அவங்களைத்தான் கேக்கணும்மா."

"அச்சு முறுக்கு சுடறதும்மா" என்றாள் வரலட்சுமி. "அச்சை எண்ணெயில சூடு பண்ணி மாவுல முக்கணும். முக்கால்வாசிதான். முழுசா முங்கிட்டா மாவு அச்சை விட்டு வராது."

"சொல்லித் தர்றீங்களா? நான் சபீனா, அஞ்சாவது மாடி. உங்க பேரு ஆன்ட்டி?"

ஐந்து மாதத்தில் முதல் முறையாக ஒருத்தி பெயர் கேட்கிறாள். வரலட்சுமி தன் பெயரை நிறுத்தி, முழுசாகச் சொன்னாள்.

அதற்குப் பிறகு நேரம் போனதே தெரியவில்லை. கேள்விமேல் கேள்வி வந்தது, அவள் பதில்மேல் பதில் சொன்னாள். தான் எங்கே நிற்கிறோம் என்பதே சில நேரம் மறந்துபோனது. ஒரு பொருளும் விற்கவில்லை.

பதினொரு மணிக்கு ஜெகதீஷ் என்று ஓர் இளைஞன் வந்தான்.

"சார், வேலப்பன்சாவடியில காபி கடை திறக்கறேன். இதையெல்லாம் சுவர்ல மாட்டினா நல்லா இருக்கும். மொத்தமா மூவாயிரம் தர்றேன்."

வரலட்சுமியின் முகம் மலர்ந்தது. உலகநாதன் தலையை ஆட்டினார்.

"விக்கிறதுக்கில்ல தம்பி."

ஜெகதீஷ் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு நகர்ந்தான். அவன் போகும்வரை பொறுத்திருந்துவிட்டு வரலட்சுமி பிடித்துக்கொண்டாள்.

"சந்தையில வந்து உக்காந்துக்கிட்டு விக்கிறதுக்கில்லையாம். தலையில அடிச்சுக்கணும். பால் குக்கர் என்னன்னே தெரியாதாம் இவருக்கு. காலை ஷிஃப்ட் போற நாளெல்லாம் இதுல பாலைக் காய்ச்சி, எனக்குக் காபி போட்டு மூடி வச்சிட்டுப் போனது யாரு?"

உலகநாதன் பொருள்களை ஒவ்வொன்றாகத் துடைத்துச் சாக்குப் பைக்குள் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"இதையெல்லாம் குடுத்துட்டா, அடுத்த மாசம் உங்கிட்ட யாரு வந்து என்ன கேப்பாங்க, லட்சுமி?"