சிவப்பு எழுத்து

"தப்பு என் மேல இல்ல கலீலு, ஸ்டீரிங்கு மேலதான்!"

கூடத்தில் நின்ற வீடியோ கேம் மெஷினின் திரையில் கார் முதல் வளைவிலேயே பனைமரத்தில் மோதிக் கவிழ்ந்து கிடந்தது. உத்தமன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். எட்டு மாதமாக இதே வளைவு, இதே மரம்.

பூந்தமல்லியில் லேத் பட்டறை வைத்திருக்கும் கலீல் ரகுமான் பொறுமைசாலி. அன்று அவனுக்கே பொறுமை தீர்ந்துபோயிருந்தது.

"இத்தோட நாலாவது ஸ்டீரிங்கு மாமே. மொதல்ல கடைல வாங்குன. அது ரெண்டு சுத்துல நின்னுடுதுன்ன."

"அந்தக் காலத்து மெஷின்ல நிக்கவே நிக்காதுபா. சுத்திக்கினே இருக்கும். கைய உட்டாலும் தானா நடுவுக்கு வராது."

"அதுக்குத்தான காயலான் கடை மாருதி ஸ்டீரிங்க பேரிங்ல கோத்து, பழைய கம்ப்யூட்டர் மவுசுக்குள்ள கீற ஓட்ட போட்ட சக்கரத்த அடியில வெச்சிக் குடுத்தேன்? இப்ப நாள் பூரா சுத்துது. அப்பவும் நீ மரத்துல போயி வுழுந்தா, நான் இன்னா பண்றது?"

ஆவடி தொழிற்சாலைக் குடியிருப்பில் உத்தமனைத் தெரியாதவர்கள் இருக்கலாம். பத்து வயதில் அவன் கார் ஓட்டிய கதையைக் கேட்காதவர்கள் கிடையாது. அம்பத்தூரில் ஒரு வீடியோ கேம் கடை. ஞாயிற்றுக்கிழமைதோறும் அப்பா தரும் ஒரு ரூபாயை வாங்கிக்கொண்டு அண்ணன் சம்பத் அவனைக் கூட்டிப்போவான். "காசு போட்டாச்சு, ஓட்டுடா" என்பான். உத்தமன் ஓட்டுவான். ஒரு நாள், ஒரு வளைவில்கூட இடித்ததில்லை! திரையின் அடியில் சிவப்பு எழுத்து மின்னும். தம்பிக்கு அப்போது இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. "சூப்பர் டிரைவர்னு போடுதுடா" என்று அண்ணன்தான் படித்துக் காட்டுவான்.

சம்பத் ஸ்டீரிங்கைத் தொட்டதே இல்லை. பக்கத்தில் நின்று சமோசா தின்றபடி கைதட்டுவதோடு சரி. "எங்க அண்ணன் மாதிரி ஒரு தியாகி உண்டா?" என்று உத்தமன் இன்றைக்கும் பார்ப்பவர்களிடமெல்லாம் கேட்பான்.

அதே கேமை இப்போது வேலப்பன்சாவடி கல்லூரியில் படிக்கும் மகள் லாவண்யா ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் ஏற்றித் தந்திருந்தாள். காசு போடும் பெட்டி மட்டும் இன்னும் வந்து சேராததால், சுவிட்சைப் போட்டதும் ஆட்டம் தொடங்கும்படி வைத்திருந்தாள். கோளாறு ஸ்டீரிங்கில் என்றால் மாற்றலாம். கையில் என்றால்? அந்தக் கேள்வியை உத்தமன் கிட்டவே நெருங்கவிடுவதில்லை. நிஜ ரோட்டில் ஸ்கூட்டரைக்கூட மனைவி கஸ்தூரிதான் ஓட்டுவாள். அவன் பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான்.

"செவப்பு எழுத்து ஒரு வாட்டிகூட வரல பாத்தியா கலீலு? காசுப் பெட்டிதான் கொறை. அது ஒண்ணு வரட்டும், கை தானா வந்துடும்."

சமையலறையிலிருந்து கஸ்தூரி எட்டிப் பார்த்தாள்.

"ஆயுத பூஜைக்கு குவார்ட்டர்ஸையே கூப்ட்டு வெச்சிருக்கீங்க. அன்னிக்கும் இடிச்சீங்க, இந்த மெஷினு நேரா காயலான் கடைதான். என் பீரோ பழைய எடத்துக்கு வந்தாவணும், சொல்லிட்டேன்."

ஆயுத பூஜையும் வந்தது. மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், ஸ்டீரிங்குக்கு மாலை. கூடத்தில் ஐம்பது பேர். நெமிலிச்சேரியிலிருந்து வந்த சம்பத்துக்கு உத்தமன் எல்லார் முன்னாலும் பொன்னாடை போர்த்தினான். சம்பத் நெளிந்தபடி சுண்டல் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு ஓரமாய்ப் போய் உட்கார்ந்தான்.

கலீல் காலையில்தான் காசுப் பெட்டியைக் கொண்டுவந்து பொருத்தினான். லாவண்யா ஒயரைச் சொருகி, என்னவோ மாற்றிவிட்டு, எதையோ தேடிக்கொண்டு உள்ளே ஓடினாள்.

உத்தமனுக்குப் பொறுக்கவில்லை. சின்ன வயதில் இல்லாத கண்ணாடி இப்போது எதற்கு என்று அதைக் கழற்றி வைத்தான். திரையில் பாதை ஓடத் தொடங்கியிருந்தது. ஸ்டீரிங்கைப் பிடித்தான்.

முதல் வளைவு வந்தது. கஸ்தூரி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பனைமரம் இடப்பக்கமாக விலகிப் போனது!

"மாமே!" என்று கத்தினான் கலீல்.

இரண்டாவது வளைவு, எதிரே லாரி, பாலம். ஒரு கீறல் இல்லை. கூடம் விசிலில் அதிர்ந்தது. திரையின் அடியில் மங்கலாக ஏதோ மின்னியது. சிவப்பு!

"வந்துடுச்சு! அண்ணே, செவப்பு எழுத்து வந்துடுச்சுண்ணே!"

சம்பத் சுண்டலை மெல்வதை நிறுத்திவிட்டான்.

உத்தமனுக்குக் கண்ணீர் பெருகியது. எல்லாம் யாரால்? அண்ணன் பக்கம் திரும்பி, இரண்டு கையையும் தூக்கி அவனைக் கும்பிட்டான். கைதட்டல் மெல்ல அடங்கியது. யாரும் உத்தமனைப் பார்க்கவில்லை. எல்லார் கண்ணும் திரையில் இருந்தது. அங்கே கார் மூன்றாவது வளைவில் அழகாகத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தது.

லாவண்யா கையில் ஒரு ரூபாய் நாணயத்தோடு ஓடிவந்தாள்.

"அப்பா, இது தானா ஓடுற டெமோப்பா! இனிமே காசு போட்டாதான் ஸ்டீரிங் வேலை செய்யும். கீழ அதான மின்னுது, காசு போடுங்கன்னு!"

உத்தமன் கண்ணாடியை எடுத்து மாட்டினான். சிவப்பு எழுத்தை முப்பத்தைந்து வருடத்தில் முதல் தடவையாகத் தானே படித்தான். பிறகு மெதுவாக அண்ணனைப் பார்த்தான்.

சம்பத் பொன்னாடையை இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"இன்னாத்துக்குடா மொறைக்கிற? அப்பா குடுத்தது ஒரே ரூவா. உன் காரு காசு போடாமயே ஓடிக்கினு இருந்துச்சு, சமோசாக்காரன் சும்மா குடுப்பானா?"