காலி டப்பா

மறுபடியும் டப்பா வந்துவிட்டது. தனக்கோடி அதைத் தூக்கிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

“என்னங்க, திருப்பி அனுப்பிட்டாங்க. இப்ப நான் என்ன பண்ணுவேன்?”

கணவர் சுப்பராயலு மூடியைத் திறந்தார். கோதுமை மாவை நெய்யில் வறுத்துப் பிடித்த உருண்டைகள். பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரி ஹர்ஜீத் கௌரின் கைவண்ணம்.

“பேசாம காலி டப்பாவக் குடுத்துடு” என்றார், வாய் நிறைய உருண்டையோடு.

“நல்லா இருக்குதே! பாத்திரத்த வெறுமனே யாராவது குடுப்பாங்களா? அந்தம்மா ஊர்லயும் இதே வழக்கம் போல. அதான் என் தலையெழுத்து.”

மார்கழியில் ஆரம்பித்தது இது. சேலையூர் வீட்டு வாசலில் விடிகாலையில் கோலம் போட வந்த தனக்கோடி, பக்கத்து வீட்டுக்கும் தன் வீட்டுக்கும் நடுவிலிருந்த மதில்மேல் இந்த எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தாள். உள்ளே சர்க்கரை பூத்த சின்னச் சின்ன இனிப்புத் துண்டுகள். புதிதாகக் குடிவந்த விமானப்படைக்காரர் வீட்டுப் பலகாரம்தான் என்று சுப்பராயலு அடித்துச் சொன்னார். அன்றைக்கே பாதிக்குமேல் தின்றும் தீர்த்தார்.

தனக்கோடி டப்பாவில் அதிரசம் வைத்துக் கொடுத்தாள். மறுவாரம் அது கேரட் அல்வாவோடு வந்தது. சீடை போனது, கடலைமாவு லட்டு வந்தது. ஒருமுறை சலித்துப்போய் ஒரு பிடி சர்க்கரையை மட்டும் போட்டு அனுப்பினாள். அதற்குத்தான் இப்போது இந்த உருண்டை! ஒருத்தி பாஷை ஒருத்திக்குத் தெரியாது, சிரிப்பும் தலையாட்டலும்தான். போதும் தாயே என்று எப்படிச் சொல்வது?

எட்டு மாதமாக அடுப்படியே கதி என்றாகிவிட்டது அவளுக்கு. இதில் எதிர்வீட்டு ஞானம்மாள் வேறு. குடிவந்த புதிதில் அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டவள், இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லை. தினமும் நெய் வாசனை அடித்தால் பொறாமை வராதா என்று தனக்கோடி நினைத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஹர்ஜீத் வீட்டு வாசலில் லாரி நின்றது. மாற்றல். தனக்கோடி டப்பா நிறையத் தேன்குழலோடு ஓடினாள். பிரிவது கஷ்டமாகத்தான் இருந்தது, ஆனால் இந்த முறை டப்பா திரும்பி வராது.

ஹர்ஜீத்தின் கணவருக்குக் கொஞ்சம் தமிழ் வரும். அவர் தேன்குழலைப் பையில் கொட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பி நீட்டினார்.

“டப்பா உங்க டப்பா, அம்மா. முதல்ல நீங்கதானே அதிரசம் குடுத்தது?”

“இல்லீங்க! முதல்ல குடுத்தது நீங்க. அன்னிக்கு மதில்மேல...”

லாரி கிளம்பிவிட்டது. பின்னாலேயே அவர்கள் ஏறிய ஆட்டோவும் கிளம்பியது. ஹர்ஜீத் கண்ணைத் துடைத்துக்கொண்டு கையசைத்தாள்.

காலி டப்பாவும் கையுமாக நடுத்தெருவில் விழித்துக்கொண்டு நின்றாள் தனக்கோடி. வாசலில் நின்று வேடிக்கை பார்த்த ஞானம்மாள் மெதுவாக அருகில் வந்தாள். டப்பாவையே பார்த்தாள்.

“கிறிஸ்துமஸ் ராத்திரிப் பூசை முடிஞ்சு வந்து, நீங்க தூங்குறீங்கன்னு மதில்மேல வெச்சுட்டுப் போன டப்பாக்கா இது. எங்க வூட்டுப் பலகாரம்னுதான் தொடாம அவங்களுக்குக் குடுத்துட்டீங்களா?”